முண்டியம்பாக்கத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்?



போன வாரம் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், “அடுத்து எதப் பத்தி சார் எழுதப் போறீங்க?” என்று கேட்டார். “பாய்மரப் படகுப் போட்டி” என்றேன். வாயில் இருந்த டீயை ஒருவழியாக விழுங்கிவிட்டுச் சிரித்தார்.

“கரும்பு டிராக்டருக்குப் போட்டி வச்சா எழுதுங்க, நானும் படிக்கிறேன். முண்டியம்பாக்கத்துக்கும் கடலுக்கும் இன்னா சார் சம்பந்தம்?”

நியாயமான கேள்விதான். நம் ஊரில் சர்க்கரை ஆலை இருக்கிறது, ரயில் நிலையம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. தண்ணீர் என்றால் ஏரித் தண்ணீர். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. ஆனாலும் எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

தபால் இலாகாவில் நான் கிளார்க்காக இருந்தபோது, எழுபதுகளின் கடைசியில், மூன்று வருடம் மரக்காணத்தில் வேலை பார்த்தேன். உப்பளத்து ஊர். மாலையில் வேலை முடிந்ததும் கடற்கரைப் பக்கம் நடப்பேன். அப்போது எல்லாப் படகுக்கும் இயந்திரம் வந்துவிடவில்லை. கட்டுமரத்தில் முக்கோணப் பாயைக் கட்டிக்கொண்டு கரைக்குத் திரும்புவார்கள். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும் நாளிலும் எப்படியோ வந்து சேர்ந்துவிடுவார்கள். அது எப்படி முடிகிறது என்று ஒரு பெரியவரிடம் கேட்டேன். வலையைச் சிக்கெடுத்துக்கொண்டே சொன்னார்: “காத்த எதுத்துப் போவ முடியாது சார். ஏமாத்திப் போவலாம்.”

அன்றைக்கு அது எனக்கு விளங்கவில்லை. நாற்பத்தைந்து வருடம் கழித்துத்தான் விளங்கிற்று. அதற்குக் காரணம் என் பெரிய மகளிடமிருந்து வந்த ஒரு போன்.

அவள் குடும்பத்தோடு சென்னையில் இருக்கிறாள். போன கோடை விடுமுறைக்கு முன்னால் ஒரு நாள் இரவு கூப்பிட்டாள். பன்னிரண்டு வயதுப் பேத்தி துறைமுகத்தில் பாய்மரப் படகுப் பயிற்சிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாளாம். பள்ளியில் யாரோ சொல்லி ஆசை காட்டிவிட்டார்கள். “நீங்க என்னப்பா சொல்றீங்க?” என்றாள்.

“தண்ணியாச்சேம்மா…” என்று இழுத்தேன்.

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்துக்கொண்டே கேட்டாள்: “அன்னைக்கு ஓட்டம். இன்னைக்குத் தண்ணியாப்பா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் அந்தப் பழைய விஷயத்தை அவள் வாய் திறந்து சொன்னது, இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. “ரெண்டு நாள் டைம் குடும்மா” என்று சொல்லி போனை வைத்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. அந்தப் பழைய விஷயம் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

மறுநாள் காலை பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு, செல்போனில் இந்தப் படகு விளையாட்டைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்படித்தான் நேத்ரா குமணன் எனக்கு அறிமுகமானார்.

குமணன் என்றதும் பள்ளிக்கூடத் தமிழ் ஞாபகம் வந்தது. புலவருக்காகத் தன் தலையையே தரத் துணிந்த முதிரமலை வள்ளல். இந்தக் குமணன் சென்னையில் மென்பொருள் தொழில் செய்பவர். அவருடைய மகள்தான் நேத்ரா. 1997 ஆகஸ்டில் பிறந்தவர். சிறு வயதில் பரதநாட்டியம், ஓவியம் என்று பலவும் கற்றுக்கொண்ட பெண். 2009-ல் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் நடத்திய கோடைப் பயிற்சி முகாமுக்குப் போனார். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயதுகூட முழுதாக நிறையவில்லை. கிட்டத்தட்ட என் பேத்தி வயது. அந்த வரியில் நின்று இரண்டாவது தடவை படித்தேன்.

சிறுவர்களுக்கு ‘ஆப்டிமிஸ்ட்’ என்று ஒரு குட்டிப் படகு உண்டு. ஏழரை அடி நீளம், மூக்கு மழுங்கலாக ஒரு பெட்டி போல இருக்கும். அதில்தான் ஆரம்பம். அதன்பின் நேத்ரா ஏறியது ‘லேசர் ரேடியல்’ என்ற படகு. இப்போது அதற்கு ‘ஐஎல்சிஏ 6’ என்று பெயர் மாற்றிவிட்டார்கள். நீளம் பதினான்கு அடிக்குக் கொஞ்சம் குறைவு. படகின் எடை 60 கிலோவை ஒட்டி. பாயின் பரப்பு 5.76 சதுர மீட்டர். நாலு முழ வேட்டி இரண்டை ஒட்டுப் போட்டால் வருவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. ஒரே ஒரு ஆள். அவரேதான் சுக்கானைப் பிடிக்க வேண்டும், பாய்க் கயிற்றை இழுக்க வேண்டும், கால்களை ஒரு பட்டைக்குள் கொடுத்துக்கொண்டு உடம்பு முழுவதையும் படகுக்கு வெளியே மல்லாக்கச் சாய்த்துப் படகு கவிழாமல் காக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவுப் படகு, ஒரே அளவுப் பாய். ‘அவன் வண்டி நல்ல வண்டி’ என்று சாக்குச் சொல்ல இடமில்லை.

மரக்காணத்துப் பெரியவர் சொன்னது இங்கேதான் எனக்கு விளங்கியது. போட்டியின் முதல் பகுதியே காற்று வரும் திசையை நோக்கிப் போவதுதான். நேராகப் போனால் பாய் படபடத்துப் படகு நின்றுவிடும். அதனால் வலப்பக்கம் சாய்வாகக் கொஞ்ச தூரம், பிறகு திருப்பி இடப்பக்கம் சாய்வாகக் கொஞ்ச தூரம் என்று நெளிந்து நெளிந்து மேலேறுகிறார்கள். காற்று பாயின் வளைவில் ஓடும்போது படகைப் பக்கவாட்டில் தள்ளப் பார்க்கிறது. படகின் நடுவே நீருக்குள் இறங்கியிருக்கும் ஒரு பலகை அந்த நழுவலைத் தடுக்கிறது. மிச்சமிருக்கும் விசை படகை முன்னே கொண்டுபோகிறது. களத்து மேட்டில் நெல் தூற்றிய நமக்குக் காற்றைக் கணிப்பது புதிதல்ல. வாடையா, கொண்டலா என்று பார்த்துத்தானே முறத்தைத் தூக்குவோம்? கடலில் அந்தக் கணிப்பை நொடிக்கு நொடி செய்ய வேண்டியிருக்கிறது. எந்தப் பக்கம் காற்று திரும்பப் போகிறது என்பதை முன்கூட்டியே ஊகிப்பவர் ஜெயிக்கிறார்.

இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம். கிரிக்கெட் மாதிரி ஒவ்வொன்றுக்கும் அம்பயர் கையைத் தூக்கிக்கொண்டிருப்பதில்லை. வழிவிட வேண்டிய படகுக்கு வழிவிடாமல் தப்புச் செய்தால், செய்தவர் தானாகவே படகை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றித் தண்டனையை அங்கேயே கழித்துவிட்டு மேலே போக வேண்டும்.

புள்ளிக் கணக்கும் தலைகீழ். முதலாவது வந்தால் 1 புள்ளி, இரண்டாவது வந்தால் 2, முப்பதாவது வந்தால் 30. குறைந்த புள்ளி எடுத்தவர்தான் வெற்றியாளர். பல நாட்களில் பல சுற்றுகள் ஓட்டி எல்லாவற்றையும் கூட்டுவார்கள். கூட்டும்போது ஒவ்வொருவருக்கும் படுமோசமாகப் போன ஒரு சுற்றைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவார்கள். காற்று ஒரு நாள் ஏமாற்றிவிடும், அதற்காக ஓர் ஆளை முழுக்க எடைபோடக் கூடாது என்ற நியாயம். இதைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நேத்ராவின் கதைக்கு வருவோம். 2014-ல் தென்கொரியாவின் இஞ்சியோனில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதினேழு வயதில் கலந்துகொண்டு ஏழாவதாக வந்தார். 2018-ல் இந்தோனேசியாவில் நடந்த ஆசியப் போட்டியில் நான்காவது இடம். நான்காவது என்றால் என்ன அர்த்தம் என்று பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்பியவர்களுக்குத் தெரியும். பதக்கம் வாங்கிய மூன்று பேருக்கும் கைதட்டும்போது அடுத்து நிற்கிற ஆள். பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இவர் சென்னையில் பொறியியல் படித்துக்கொண்டே, ஸ்பெயின் நாட்டுக்குச் சொந்தமான கிரான் கனேரியா தீவுக்குப் போய், தமாஸ் எஸ்ஸெஸ் என்ற ஹங்கேரிப் பயிற்சியாளரிடம் பயிற்சி எடுத்தார்.

2020 ஜனவரியில் அமெரிக்காவின் மியாமியில் நடந்த பாய்மரப் படகு உலகக் கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார். உலகக் கோப்பைத் தொடரில் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண். அடுத்தது ஒலிம்பிக்தான் என்று இருந்த நேரத்தில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. தகுதிப் போட்டியும் இல்லை, ஒலிம்பிக்கும் ஒரு வருடம் தள்ளிப்போனது. கடலில் இருக்க வேண்டியவர் வீட்டுக்குள் இருக்க வேண்டியதாயிற்று.

2021 ஏப்ரலில் ஓமன் நாட்டின் முசன்னாவில் தகுதிப் போட்டி நடந்தது. அதில் நேத்ரா டோக்கியோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார். ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குப் போகும் முதல் இந்தியப் பெண் அவர்தான். அதே போட்டியில் விஷ்ணு சரவணனும், இருவர் ஓட்டும் படகில் கணபதி, வருண் தக்கர் ஜோடியும் தகுதி பெற்றார்கள். விஷ்ணு நம் பக்கத்து வேலூரில் பிறந்து ராணுவத்தில் இருப்பவர். அவருடைய அப்பாவும் ராணுவத்தில் படகு ஓட்டியவர். கணபதியும் வருணும் சென்னைக்காரர்கள். ஆக அந்த ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன நான்கு படகு வீரர்களுமே ஏதோ ஒரு விதத்தில் தமிழ்நாட்டோடு தொடர்பு உள்ளவர்கள். நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்குத் தெரியாது. தினமும் இரண்டு பேப்பர் படிக்கிற ஆள் நான்!

டோக்கியோ ஒலிம்பிக்கின் படகுப் போட்டி எனோஷிமா கடலில் நடந்தது. 44 பேரில் நேத்ரா 35-வது. விஷ்ணு 20-வது. இதைப் படித்ததும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இத்தனை பாடுபட்டு முப்பத்தைந்தாவதா? என் மனைவியிடம் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே, “உலகத்துல முப்பத்தஞ்சாவதா இருக்கிற ஆள் யாரையாச்சும் நீங்க பாத்திருக்கீங்களா?” என்றாள். என்னிடம் பதில் இல்லை.

நேத்ராவும் அந்த எண்ணோடு நிறுத்தவில்லை. 2024 ஏப்ரலில் பிரான்ஸ் நாட்டின் இயேர் நகரில், பாரிஸ் ஒலிம்பிக்குக்குக் கடைசி வாய்ப்பாக ஒரு தகுதிப் போட்டி வைத்தார்கள். அதற்கு முன்னால் இருந்த கதவுகளெல்லாம் சாத்தியாகிவிட்டது. அதில் ஐந்தாவதாக வந்து, இந்த விளையாட்டில் வளர்ந்துவரும் நாடுகளுக்கென்று ஒதுக்கியிருந்த இடத்தைப் பிடித்தார். பாரிஸ் ஒலிம்பிக்கின் படகுப் போட்டி மார்சேய் கடலில் நடந்தது. 43 பேரில் 21-வது. மூன்று வருடத்தில் 35-லிருந்து 21. பதக்கம் இல்லை. பேப்பரில் பெரிய படமும் இல்லை. ஆனால் பன்னிரண்டு வயதில் ஏறிய படகில் பதினைந்து வருடமாக, ஒரு சாய்வு அந்தப் பக்கம், ஒரு சாய்வு இந்தப் பக்கம் என்று காற்றை எதிர்த்து மேலேறிக்கொண்டே இருந்திருக்கிறார்.

‘வசதி உள்ளவர்கள், வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள்’ என்று சிலர் சொல்லலாம். சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. செலவு பிடித்த விளையாட்டுத்தான். ஆனால் டீக்கடை நண்பருக்காக இன்னொரு பெயரைச் சொல்கிறேன். நேஹா தாகூர். மத்தியப் பிரதேசத்தில் தேவாஸ் மாவட்டத்து விவசாயியின் மகள். அந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது. போபால் பெரிய ஏரியில் அரசு ஆதரவோடு பயிற்சி எடுத்து, 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசியப் போட்டியில், நேத்ரா ஓட்டும் அதே படகின் சிறிய பாய் வகையில் பதினேழு வயதில் வெள்ளி வென்றார். நம் விஷ்ணுவுக்கும் அதே ஆசியப் போட்டியில் வெண்கலம். தேவாஸுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை போலும்.

இனி, அந்தப் பழைய விஷயம்.

1996-ல் என் மகள் ஒன்பதாம் வகுப்பு. 800 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் இரண்டாவதாக வந்தாள். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து ரயில் பாதையை ஒட்டிய மண் ரோட்டில் ஓடுவாள். நான் சைக்கிளில் பின்னால் போவேன். அப்போது வெளியூரில் பத்து நாள் பயிற்சி என்று தேர்வு செய்து, அப்பாவின் கையெழுத்துக்காக ஒரு சம்மதக் கடிதம் கொடுத்து அனுப்பினார்கள். வயசுப் பெண், வெளியூர், பத்து நாள். உறவில் ஒருவர், “நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா யார் பதில் சொல்றது?” என்றார். நான் கையெழுத்துப் போடவில்லை.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. “சரிப்பா” என்று மட்டும் சொன்னாள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு வழக்கம் போல எழுந்தாள். எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரம் அப்படியே உட்கார்ந்தாள். எட்டாவது நாள் எழுந்திருக்கவில்லை. கேன்வாஸ் ஷூ பரணுக்குப் போயிற்று.

ஆயிரக்கணக்கான கடிதங்களுக்கு முத்திரை குத்தி ஊர் ஊராக அனுப்பிய கை இது. ஒரே ஒரு காகிதத்தை அனுப்பாமல் நிறுத்திவிட்டது. அவள் பிறகு நன்றாகப் படித்தாள், வேலைக்குப் போனாள், நல்ல இடத்தில் வாழ்கிறாள். ஒரு குறையும் இல்லை. ஆனால் அவள் ஓடியிருந்தால் எத்தனையாவது வந்திருப்பாள் என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முப்பத்தைந்தாவதாகவாவது வந்திருப்பாளா? அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான் நான் எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து மகளுக்குப் போன் செய்தேன். “சேத்து விடும்மா. முதல் நாள் நானும் வரேன்” என்றேன். “லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்களான்னு மட்டும் கேட்டுக்கோ” என்றும் சேர்த்துக்கொண்டேன். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

முண்டியம்பாக்கத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினேன். மறுநாள் காலை துறைமுகத்துக்குப் போனோம். அனுமதிச் சீட்டு வாங்கித்தான் உள்ளே விடுகிறார்கள். ஒரு பக்கம் மலை மலையாகச் சரக்குக் கப்பல்கள். அவற்றின் நடுவே ஒதுக்குப்புறமாக ஒரு சின்ன நீர்ப்பரப்பு, கரையில் வரிசையாகக் குட்டிப் படகுகள். இந்தத் துறைமுகத்தில் பாய்மரப் படகு விளையாட்டு நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-ல் தொடங்கியது. அப்போது துறைமுகத் தலைவராக இருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அதை ஆரம்பித்து வைத்தவர். இதையெல்லாம் பேத்திக்குச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேர்க்கைப் படிவத்தில் கடைசியில், பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து என்று ஓர் இடம். மகள் எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு, அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு, படிவத்தையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்தினாள்.

“நீங்க போடுங்கப்பா” என்றாள்.

வேறு ஒன்றும் சொல்லவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. கை கொஞ்சம் நடுங்கியதில் கையெழுத்துக் கோணலாகத்தான் விழுந்தது. பேங்க்காரர்கள் பார்த்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

மூன்றாவது நாளே பேத்தி படகைக் கவிழ்த்தாள். எனக்கு நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. அவளோ நீந்திப் போய், நடுப்பலகையின் மேல் ஏறி நின்று, தன் முழு எடையையும் போட்டு அழுத்திப் படகை நிமிர்த்தி, உள்ளே புகுந்த தண்ணீரை வாரிக் கொட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டாள். முதலில் கற்றுக்கொடுப்பதே அதைத்தானாம். என் பக்கத்தில் நின்ற மகள் கடலைப் பார்த்தபடியே, “அன்னைக்கு நீங்க சைக்கிள்ல பின்னால வருவீங்கல்லப்பா, பெடல் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்” என்றாள். நான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். துறைமுகத்தில் வெயில் அதிகம்.

கடைசி நாள் சின்னதாக ஒரு போட்டி வைத்தார்கள். பதினொரு படகு. பேத்தி ஓடி வந்தாள். “தாத்தா, நான் ஒன்பதாவது!” என்றாள். உலகத்தையே ஜெயித்த மாதிரி முகம். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். அடுத்த விடுமுறைக்கும் போக வேண்டும் என்கிறாள். நேத்ரா மாதிரி வருவாளா என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரியாது. வர வேண்டும் என்றும் இல்லை. எத்தனையாவது வருகிறாள் என்பதை அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

டீக்கடை நண்பர் இதைப் படிப்பார் என்று நினைக்கிறேன். சம்பந்தம் இவ்வளவுதான் சார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு ஷூவோ, மட்டையோ, சலங்கையோ கிடந்தால் எனக்கு எழுதுங்கள். இல்லை, எனக்கு வேண்டாம். அதை வைத்திருந்த பிள்ளைக்கு ஒரு போன் செய்யுங்கள்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.